எந்தச் சீமை ஏற்கும்

சென்ற ஆடி மாசம் என் தங்கை மகன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். "மாமா, சிங்கப்பூரா, கனடாவா? எந்த நாட்டுல நம்மள நல்லா வச்சுக்குவாங்க?" குன்றாண்டார்கோவில் குடைவரைக்கு முன்னால் இருக்கும் நூற்றுக்கால் மண்டபத்து நிழலில் உட்கார்ந்திருந்தோம். தேர் வடிவில் கட்டிய மண்டபம் அது. பக்கவாட்டில் கல் சக்கரங்கள். இழுத்துக்கொண்டு பாய்கிற பாவனையில் கல் குதிரைகள். எங்கள் ஊர் இங்கிருந்து நடை தூரம்தான். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுத்தவன் என்பதால் என்னிடம் கேட்கிறான். எந்தத் தேசத்தின் தலைநகர் எது என்று தெரிந்தவனுக்கு எந்தத் தேசம் நல்ல தேசம் என்பதும் தெரிந்திருக்கும் என்று அவன் நினைத்ததில் தவறில்லை. எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "யோசிச்சுச் சொல்றேன் மாப்ளே" என்றேன். யோசித்ததில் அவன் கேட்ட கேள்வி என் குடும்பத்திலேயே மூன்றாம் முறையாகக் கேட்கப்படுகிறது என்பது தெரிந்தது. முதல் இரண்டு முறையும் கிடைத்த பதிலில் எங்கள் வீட்டுக்கும் பங்கு இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கடல் தாண்டுதல் என்றால் நமது சரித்திரக்காரர்களுக்கு ராஜேந்திரன்தான். 1025ஐ ஒட்டிக் கடாரத்துக்குக் கப்பல் போனதைப் பற்றி அச்சான காகிதத்தை அடுக்கினால் நாகப்பட்டினத்திலிருந்து அங்கே பாலம் கட்டிவிடலாம். அதே நாகப்பட்டினத்திலிருந்து, ஏறக்குறைய அதே கடாரத்துக்கு, தலைக்கு ஒரு பாயும் சட்டியுமாகக் கப்பல் தளத்தில் உட்கார்ந்து போன லட்சக்கணக்கானவர்களைப் பற்றி நமக்குப் பிரக்ஞை கிடையாது. அவர்கள் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்கள், ஏமாற்றப்பட்டவர்கள், கூலிகள் என்று ஒரு அனுதாப வாக்கியத்தோடு முடித்துக்கொள்கிறோம். ஏமாற்றப்பட்டார்கள் என்பது உண்மை. ஆனால் அனுதாபம் ஒரு காரியத்தைச் செய்துவிடுகிறது. அவர்கள் யோசித்தார்கள், ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டார்கள், தேர்ந்தெடுத்தார்கள் என்பதை அது மறைத்துவிடுகிறது. கிராமத்துத் திண்ணையில் உட்கார்ந்து கண்டியையும் பினாங்கையும் ரங்கூனையும் எடை போட்டவர்கள் அவர்கள். எடைக்கல்தான் கள்ளக் கல்லாக இருந்தது.

ஏற்றுக்கொள்ளும் நாடு என்ற எண்ணம் புதிதல்ல. புதுக்கோட்டைச் சீமையிலும் அதன் தெற்கேயும் 'அஞ்சினான் புகலிடம்' என்று பொறித்த கற்கள் கிடைத்திருக்கின்றன. பெரும்பாலும் பிற்காலச் சோழ, பாண்டியர் காலத்தையும் அதற்குப் பின்னையும் சேர்ந்தவை. அரசு தளர்ந்து, ஊருக்கு ஊர் காவல்காரனும் கொள்ளைக்காரனும் ஒரே ஆளாக இருந்த காலம். இன்ன இடம் அஞ்சி வந்தவனுக்குப் புகலிடம் என்று ஒரு நாட்டாரோ ஒரு தலைவனோ கல் நாட்டுவது வழக்கமாக இருந்திருக்கிறது. நாடு என்றால் இங்கே தேசமல்ல. சில பத்து ஊர்கள் சேர்ந்தது. குளத்தூர்ப் பக்கத்தில் விசங்கி நாடு என்று இன்றும் சொல்கிறார்கள். ஒரு நாட்டிலிருந்து அடுத்த நாட்டுக்குக் காலையில் புறப்பட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம்.

இந்தச் சொற்றொடரில் எனக்குப் பிடித்தது அந்த 'அஞ்சினான்'. வந்தவன் யார், என்ன குலம், எதற்கு ஓடி வந்தான் என்ற கேள்வி அதில் இல்லை. அஞ்சினான் என்பதே தகுதி. இதைத் தமிழனின் பரந்த மனசு என்று மேடையில் முழங்க வேண்டாம். நிலம் கிடந்தது, ஏர் பிடிக்க ஆள் இல்லை. பாழ்பட்ட ஊரில் குடியேற்ற ஆள் வேண்டும். புகலிடம் கொடுத்தவனுக்குக் குடியும் வரியும் கிடைத்தன. கருணை இருந்திருக்கலாம், கணக்கு நிச்சயம் இருந்தது என்று நினைக்கிறேன். ஆனாலும் அவன் அதைக் கல்லில் வெட்டினான். விலை இறங்கியதும் அழித்துவிட முடியாத ஒன்றில் எழுதினான். பின்னால் வந்த துரைமார்கள் தகரத்திலும் காகிதத்திலும் எழுதினார்கள்.

இலங்கை மலைகளில் காப்பித் தோட்டம் தொடங்கியது 1830களில். அதிலிருந்து நூறு வருஷம் திருச்சி, சேலம், தஞ்சாவூர், மதுரை ஜில்லாக்களோடு புதுக்கோட்டை சமஸ்தானமும் ஆள் அனுப்பிக்கொண்டே இருந்தது. குளத்தூர்த் தாலுகாவைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. செம்புறைப் பூமி, ஆறில்லை, குளமும் ஏந்தலும் நிறைந்தால் ஒரு போகம். மழை இரண்டு வருஷம் பொய்த்தால் மாட்டை விற்க வேண்டும், மூன்றாம் வருஷம் தன்னை விற்க வேண்டும். 1876இல் தொடங்கி 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சம் இதை ஒரு பழக்கமாகவே ஆக்கிவிட்டது. அதற்கு முன்பு கண்டி என்பது போய்விட்டு அறுப்புக்குத் திரும்புகிற இடம். பிறகு அது குடியிருக்கிற இடமாயிற்று. 1869இல் இலைநோய் வந்து சில வருஷங்களில் காப்பி அழிந்து தேயிலை வந்ததும் இதற்கு இன்னொரு காரணம். காப்பிக்குப் பருவத்தில்தான் கை வேண்டும். கொழுந்துக்கு வருஷம் முழுதும் வேண்டும். பெண் கை வேண்டும், பிள்ளை கை வேண்டும். ஆகவே குடும்பத்தோடு வா என்றார்கள். வரவேற்பின் விரிவும் சுருக்கமும் ஒரு செடியின் சுபாவத்தைப் பொறுத்திருந்தது.

அந்தக் காலத்துத் திண்ணைக் கணக்கை நான் இப்படித்தான் ஊகித்துக்கொள்கிறேன். நெட்டாலும் பிஜியும் மொரீசும் எக்ரிமெண்டுச் சீமைகள். ஐந்து வருஷத்துக்குக் கைநாட்டு வைத்தால் நடுவில் வர முடியாது. நெட்டாலுக்கு முதல் கப்பல் மதராசிலிருந்து 1860இல் போயிற்று. அங்கே ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல் தங்கினால் தலைக்கு வருஷம் மூன்று பவுன் வரி என்று 1895இல் சட்டம் செய்தார்கள். காந்தி கிளர்ச்சி செய்து 1914இல்தான் அது போயிற்று. அதாவது வா, உழை, ஆனால் இருந்துவிடாதே. ரங்கூன் அப்படியில்லை. 1937 வரை பர்மா இந்தியாவின் ஒரு மாகாணம். ஆனால் சாதாரணக் கூலிக்கு அங்கே துறைமுகமும் அரிசி ஆலையும்தான். பெண்டாட்டி பிள்ளையை ஊரில் விட்டுப் போக வேண்டும். செட்டிமார்களுக்கு அது வேறு பர்மா. பினாங்கில் கூலி கூடுதல். 1907க்குப் பிறகு தோட்டக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து நிதி வைத்துக் கப்பல் சீட்டே இலவசமாகக் கொடுத்தார்கள். ஆனால் நடுவில் ஆழ்கடல். செத்தால் செய்தி வர மாதமாகும்.

கண்டியோ பக்கத்தில் இருந்தது. சாமி கும்பிட ஊருக்கு வந்து போகலாம் என்று கங்காணி சொன்னான். கங்காணி வெளியாள் இல்லை. பங்காளியோ பக்கத்து ஊரானோ. வெள்ளைக்காரன் எழுதிய ஒப்பந்தத்தைவிடத் தெரிந்தவன் வாய்ச்சொல் மேல் என்று நம்பினார்கள். சட்டப்படி பார்த்தால் கண்டியில் நீண்ட ஒப்பந்தமே இல்லை, மாதாமாதம் விலகிக்கொள்ளலாம். நடைமுறையில், புறப்படுகிற நாளில் வாங்கிய முன்பணமும் வழிச்செலவும் அரிசிப் பற்றும் சேர்ந்து ஒருவன் மேல் ஏறிக்கொண்டே போகும். இந்தக் கடனைத் தீர்த்தால் ஆளை விடலாம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுக்குத் துண்டு என்று பெயர். துண்டை எடுத்துக்கொண்டு கங்காணி இன்னொரு தோட்டத்துக்குப் போவான். புதுத் துரை பழைய கடனை அடைத்துப் புதுக் கடன் எழுதுவான். ஆட்கள் அந்தக் காகிதத்தோடு கைமாறுவார்கள். 1921இல் துண்டை ஒழித்தார்கள். அதற்குள் அது தன் வேலையைச் செய்து முடித்திருந்தது.

முதல் தலைமுறை நடந்தே போயிற்று. தொண்டியிலோ ராமேசுவரத்திலோ தோணி ஏறி மன்னார்க் கரையில் இறங்கி, வவ்வாலும் யானையும் வாழும் காட்டு வழியில் மாத்தளை வரை. வழியில் வாந்திபேதியில் விழுந்தவர்களை அப்படியே விட்டுப் போனார்கள். பிறகு ஒழுங்கு வந்தது. 1904இல் ஆள் திரட்டுவதற்கென்று தோட்டக்காரர்களின் தலைமை அலுவலகம் திருச்சியிலேயே திறந்தாயிற்று. தோட்டத்து அடையாளம் பொறித்த தகர வில்லையைக் கழுத்தில் மாட்டி அனுப்பினார்கள். தொலைந்துபோகாமல் சேர வேண்டிய சரக்கு. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் தொடர்பு ரயிலோடு இணைந்தது. 1917இல் மண்டபத்தில் முகாம் அமைத்து, அம்மை குத்தி, துணிகளை வேகவைத்து, நோயில்லை என்று கண்ட பிறகு கப்பலேற்றினார்கள். மண்டபம் முகாமை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளட்டும். அது திரும்ப இரண்டு முறை வரும்.

எங்கள் சின்னத் தாத்தா அந்த முகாம் வழியாகத்தான் போனார், 1927இல். என் தாத்தாவுக்கு நேர் இளையவர். பினாங்குக்குப் போகத்தான் முதலில் நினைத்தாராம். கல்யாணமாகி மூன்று மாதம், பெண்ணை விட்டுப் போக மனசில்லை, அதனால் கண்டி. ஒரு நாட்டைத் தேர்ந்தெடுக்க இதைவிட நல்ல காரணம் எந்தப் படிவத்திலும் நான் பார்த்ததில்லை. புஞ்சையில் இருவருக்கும் பொதுவாக ஒன்றரை ஏக்கர், குளத்துப் பாசனத்தில் கொஞ்சம். "நீ பாத்துக்க, வந்து பிரிச்சுக்குவோம்" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போனார். மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டம். பத்துப் பன்னிரண்டு வருஷம் பணம் வந்தது. அதில்தான் புஞ்சையில் கிணறு வெட்டினார்கள். அந்தக் கிணற்றுக்கு எங்கள் வீட்டில் கண்டிக் கிணறு என்று பெயர். நான் நீச்சல் பழகியது அதில்தான்.

இதே காலத்தில் சமஸ்தானத்தின் ராஜாவும் நாடு தேடிக்கொண்டிருந்தார் என்பதைச் சொல்லாமல் விட மனசில்லை. மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் 1915இல் மெல்போர்னில் மாலி ஃபிங்க் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணை மணந்தார். வெள்ளைக்காரச் சர்க்கார் அந்த அம்மாளை ராணியாக அங்கீகரிக்கவில்லை. புதுக்கோட்டையில் சில மாதங்கள் இருந்து பார்த்துவிட்டு இருவரும் திரும்பிப் போய்விட்டார்கள். 1916இல் சிட்னியில் மகன் பிறந்தான். நிறமுள்ளவன் குடியேறக் கூடாது என்று 1901இலேயே சட்டம் போட்டிருந்த தேசம் ஆஸ்திரேலியா. ராஜாவுக்கும் அவர் பந்தயக் குதிரைகளுக்கும் அங்கே இடமிருந்தது. பிறகு ஐரோப்பா. நஷ்டஈடு வாங்கிக்கொண்டு ஆட்சியை விட்டுக்கொடுத்தார். 1928இல் பாரிஸில் இறந்து லண்டனில் எரிக்கப்பட்டார். பெண்டாட்டியோடு இருக்க ஒரு நாடு வேண்டும் என்ற ஒரே விஷயத்தில் அவரும் எங்கள் சின்னத் தாத்தாவும் சமம். மற்றதெல்லாம் வேறு.

ஏற்கும் நாடு எத்தனை நாள் ஏற்கும் என்பதற்கு மலாயா நல்ல உதாரணம். 1930இல் ரப்பர் விலை விழுந்தபோது ஆயிரமாயிரமாக ஆட்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். விலை ஏறியதும் மறுபடியும் கூப்பிட்டார்கள். கடைசியில் இந்திய சர்க்காரே சலித்துப்போய் 1938இல் மலாயாவுக்கும் 1939 ஆகஸ்டில் இலங்கைக்கும் கூலி ஆள் போவதைத் தடுத்தது. பர்மாவில் 1942இல் ஜப்பான் குண்டு விழுந்தபோது லட்சக்கணக்கானவர்கள் அரக்கான் மலை வழியாக நடந்து வந்தார்கள், வராதவர்கள் வழியில் கிடந்தார்கள். மிச்சமிருந்தவர்களை 1964இல் ராணுவ அரசு கடைகளைத் தேசியமயமாக்கி அனுப்பியது. இதையெல்லாம் அந்தந்த நாட்டின் துரோகம் என்று சொல்லிவிடலாம், எளிது. ஆனால் யாரும் தங்களை அங்கே குடிமக்களாகக் கூப்பிட்டதாகப் போனவர்களும் நினைக்கவில்லை என்றே தோன்றுகிறது. கூப்பிட்டது கையை. வயிறும் வாயும் வாக்குச்சீட்டும் கூடவே வந்துவிட்டன.

இலங்கையில் நடந்தது இன்னும் நுட்பமானது. 1931இல் அங்கே சர்வஜன வாக்குரிமை வந்தது. இந்தியா முழுதும் பார்த்திராத ஒன்று. தோட்டத் தமிழனுக்கு நிபந்தனைகளோடு அது கிடைத்தது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் மலைநாட்டில் ஏழு இடங்களை வென்றது. அந்த ஏழும்தான் வினை. 1948ஆம் வருஷத்தைப் பாருங்கள். பிப்ரவரி 4ஆம் தேதி இலங்கை சுதந்திரம் பெறுகிறது. மார்ச் 3ஆம் தேதி புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்து திருச்சி ஜில்லாவில் கரைகிறது. நவம்பர் 15ஆம் தேதி இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அமலுக்கு வருகிறது. சின்னத் தாத்தா புதுக்கோட்டை ராஜாவின் பிரஜையாகப் போனவர். பிரிட்டிஷ் பிரஜைகூட அல்ல. அந்த ஒரே வருஷத்தில் விட்டு வந்த சீமை இல்லாமல் போயிற்று, இருந்த சீமை அவரை இல்லை என்றது. அங்கே பிறந்தவனாயிருந்தாலும் தகப்பன் அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது பாட்டனும் முப்பாட்டனும் பிறந்திருக்க வேண்டும் என்றது சட்டம். லயத்தில் எவனுக்குப் பாட்டன் பிறந்த சீட்டு இருக்கிறது? அடுத்த வருஷம் வாக்குரிமையும் போயிற்று. இந்த விவகாரத்தில்தான் தமிழ்க் காங்கிரஸ் உடைந்து 1949 டிசம்பரில் செல்வநாயகம் தமிழரசுக் கட்சி தொடங்கினார். 1949இன் இன்னொரு சட்டத்தின்படி மனுப் போடலாம் என்றார்கள். எட்டு லட்சம் பேருக்கு மேல் மனுவில் அடங்கினார்கள். கிடைத்தது ஏறக்குறைய 1,34,000 பேருக்கு. இந்தியாவோ அவர்கள் இலங்கையின் பிரஜைகள், இலங்கைதான் பொறுப்பு என்றது. இரண்டு பக்கமும் நியாயம் பேசின. நடுவில் பத்து லட்சம் பேர் நாடில்லாமல் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். டாலரும் பவுனும் அந்தக் கொழுந்தில்தான் இலங்கைக்கு வந்தன.

1964 அக்டோபர் 30ஆம் தேதி சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பிறகு பார்த்துக்கொள்ளலாம். பத்து வருஷம் கழித்து அதையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். பாகப்பிரிவினையில் மாட்டைப் பிரிப்பதுபோல என்று சொல்லலாம். மாட்டைப் பிரிக்கிறபோது தாயையும் கன்றையும் பிரிப்பதில்லை. சம்பந்தப்பட்டவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் பிறகு மனு வாங்கினார்கள். என் குடும்பத்தில் இரண்டாம் முறையாக அந்தக் கேள்வி வந்தது அப்போதுதான். எந்த நாடு?

1970 ஏப்ரலில் மனுக்கெடு முடிந்தபோது இலங்கைக் குடியுரிமை கேட்டவர்கள் ஆறு லட்சத்துக்கு மேல். அங்கே இருந்த இடம் மூன்று லட்சம். இந்தியாவுக்கு என்று எழுதிக்கொடுத்தவர்கள் ஒதுக்கிய தொகையை எட்டவில்லை. நம் சரித்திரப் புத்தகங்களில் இந்த எண்கள் உடன்படிக்கையின் அனுபந்தமாகக் கிடக்கின்றன. எனக்கு அது ஒரு பெரிய வாக்கெடுப்பாகப் படுகிறது. வாக்குரிமை பறிக்கப்பட்ட மக்கள் ஒரே ஒரு முறை வாக்களித்தார்கள். தாயகம் என்று இந்தியா எத்தனை உருகினாலும், கல்லும் அட்டையும் குளிருமான அந்த மலையைத்தான் அவர்களில் பெரும்பான்மையோர் ஊர் என்று சொன்னார்கள். பிறகு 1973, 74இல் தோட்டங்களில் பட்டினி பரவியபோது மனம் மாறியவர்கள் உண்டு, மாறியது வயிறு.

சின்னத் தாத்தா இந்தியா என்று எழுதினார். பெரிய மகன் இலங்கை என்று எழுதினான். சின்ன மகன் அப்பாவைத் தனியே விட மனமில்லாமல் இந்தியா. ஒரே லயத்தில், ஒரே அடுப்பில் சாப்பிட்டவர்கள். சின்னத் தாத்தா அப்படி எழுதியதற்குக் காரணம் ஒன்றரை ஏக்கர் புஞ்சையும் அவர் காசில் வெட்டிய கிணறும்தான்.

1974 சித்திரையில் வந்தார்கள். தனுஷ்கோடி 1964 புயலில் போய்விட்டதால் தலைமன்னாரிலிருந்து ராமேசுவரத்துக்கு 'ராமானுஜம்' கப்பல். பிறகு அதே மண்டபம் முகாம். போனபோது அம்மை குத்தின இடத்தில் வந்தபோது குடும்ப அட்டை கொடுத்தார்கள். அட்டையில் தாயகம் திரும்பியோர் என்று போட்டிருந்தது. அவர்கள் ஏழு பேர். அதில் ஆறு பேர் மஸ்கெலியாவில் பிறந்தவர்கள். எங்கள் ஊருக்கு முதல் முறையாகத் 'திரும்பி' வந்தார்கள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயசு. அக்னி வெயிலில் அந்தச் சிறு பிள்ளைகள் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு மாட்டுவண்டியிலிருந்து இறங்கியது கண்ணில் நிற்கிறது. நாங்கள் சிரித்தோம். அவர்களிடம் வேறு சட்டை இல்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

முதல் மூன்று நாள் கோழி அடித்தார்கள். பிறகு மாட்டுக் கொட்டிலை ஒதுக்கிக் கொடுத்தார்கள். தாத்தா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டில் அப்பாவின் சொல்தான். ஒரு ராத்திரி திண்ணையில் பேச்சு நடந்தது. "நாப்பத்தேழு வருசமா இந்த மண்ணுல வேர்வ சிந்துனது யாரு சித்தப்பா?" என்று அப்பா கேட்டார். சின்னத் தாத்தா சத்தமில்லாமல் சொன்னார்: "கெணறு என்னோட காசுப்பா." அதற்கு அப்பா சொன்ன பதிலை இங்கே எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அந்த நாளில் சிங்களத்தில் தோட்டத் தமிழனைக் 'கள்ளத்தோணி' என்று ஏசுவார்கள் என்று சரித்திரம் படித்த பிறகு தெரிந்துகொண்டேன். அப்பா சொன்னது அதற்கு நெருங்கிய சொல்தான், தமிழில்.

வியாபாரக் கடன் என்று சர்க்கார் கொடுத்த பணத்தில் சின்ன மகன் கீரனூரில் ஒரு பெட்டிக்கடை வைத்தான். கொழுந்து கிள்ளவும் கவ்வாத்து வெட்டவும் தெரிந்த கைக்குப் பொட்டலம் மடிக்கத் தெரியவில்லை. கடை ஏழெட்டு மாதம்கூட ஓடவில்லை. நீலகிரியில் திரும்பி வந்தவர்களுக்குத் தேயிலைத் தோட்ட வேலை கிடைக்கிறது என்று கேள்விப்பட்டுக் கோத்தகிரிக்குப் போனார்கள். சின்னத் தாத்தா புறப்படும்போது என் தலையில் கை வைத்தார். கை முரசாக இருந்தது, அவ்வளவுதான் நினைவு. கம்பளிச் சட்டைகள் திரும்பப் பயன்பட்டிருக்கும்.

அதற்குப் பிறகு 1977, 1983. கலவரத்தில் மலையிலிருந்து இறங்கி வவுனியாவில் தஞ்சம் புகுந்து, அங்கிருந்தும் துரத்தப்பட்டுத் தோணியேறியவர்களில் நிறையப் பேர் தோட்ட வம்சத்தார். 1984இல் கப்பல் நின்றுவிட்டது. மண்டபம் முகாம் மூன்றாம் முறையாக, இப்போது அகதிகளுக்காகத் திறந்தது. நமது புதுக்கோட்டை மாவட்டத்திலேயே லெணாவிளக்கு, அழியாநிலை, தோப்புக்கொல்லை என்று முகாம்கள். மறுவாழ்வு முகாம் என்று 2021இல் பெயர் மாற்றினார்கள். பாட்டன் புதுக்கோட்டைச் சீமையில் பிறந்தவன், பேரன் அதே சீமையில் அகதிப் பதிவேட்டில் இருப்பவன் என்ற நிலை கற்பனையல்ல. இலங்கை 2003இல் சட்டம் செய்து, 1964 அக்டோபர் முதல் அங்கேயே இருந்த வம்சாவளியினருக்குக் குடியுரிமை கொடுத்துவிட்டது. 2019இல் இந்தியா திருத்திய குடியுரிமைச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து அஞ்சி வந்தவர்கள் இருக்கிறார்கள். அதிலும் எல்லோரும் இல்லை. இலங்கை இல்லை. அஞ்சினான் புகலிடம் என்று கல் வெட்டிய பகுதி இது என்று மறுபடியும் சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு அசூயையான திருப்தி.

மாப்பிள்ளை கேட்ட நாடுகளுக்கு வருகிறேன். 1914இல் வான்கூவர் துறைமுகத்தில் கோமகட்டா மாரு கப்பலை இரண்டு மாதம் நிறுத்திவைத்துத் திருப்பியனுப்பிய அதே கனடா 1967இலிருந்து மதிப்பெண் போட்டு ஆள் எடுக்கிறது. வயசுக்கு இத்தனை, படிப்புக்கு இத்தனை, பாஷைக்கு இத்தனை. கங்காணி உள்ளங்கையைத் தடவிப் பார்த்தான். அவர்கள் பட்டத்தைத் தடவிப் பார்க்கிறார்கள். வித்தியாசம் இல்லாமலில்லை. மதிப்பெண் போட்டு எடுத்தவனுக்குக் கொஞ்ச வருஷத்தில் வாக்குச்சீட்டு தருகிறார்கள், அது சின்ன விஷயமல்ல. சின்னத் தாத்தாவின் ஆயுள் முழுதும் இல்லாதது அது ஒன்றுதான். சிங்கப்பூரில் அனுமதிச் சீட்டுக்கு நாள் குறித்திருக்கிறது. கூலி உடனே, இருப்பு பிறகு, பெரும்பாலும் இல்லை. இதை அவனிடம் சொன்னேன். "அப்ப கனடாதான் மாமா" என்றான். அதற்குப் பணம் அதிகம்.

பணத்துக்குப் புஞ்சையை விற்பதென்று தங்கை வீட்டில் முடிவாகியிருக்கிறது. ஒன்றரை ஏக்கரும் கண்டிக் கிணறும் இப்போது தங்கைக்கும் எனக்கும் பொது. கிணறு வற்றி இருபது வருஷமாகிறது, ஆனால் சாலை பக்கத்தில் வந்துவிட்டதால் மனைக்கு விலை உண்டு. பத்திரம் எழுதப் போனபோது எழுத்தர் பட்டாவைப் புரட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். கூட்டுப் பட்டா. தாத்தா பெயருக்குக் கீழே சின்னத் தாத்தா பெயர் அப்படியே இருக்கிறது. யாரும் எடுக்கவில்லை, அப்பா எடுக்க முடியாமல் விட்டாரா, மனசு வராமல் விட்டாரா, கேட்க இப்போது ஆளில்லை. வாரிசுகள் கையெழுத்து இல்லாமல் பதிய முடியாது என்றார் எழுத்தர்.

"அவங்க இப்ப எங்க இருக்காங்க மாமா?" என்று மாப்பிள்ளை கேட்டான். கோத்தகிரியில் என்பதற்கு மேல் எனக்குத் தெரியாது. ஐம்பது வருஷத்தில் நான் ஒரு முறைகூடப் போனதில்லை. வருகிற வாரம் போகலாம் என்றிருக்கிறேன். அவனும் கூட வருகிறேன் என்கிறான். கையெழுத்து வாங்கிவிட்டால் போதும், ஏதாவது கொடுத்துவிடலாம் என்பது தங்கையின் யோசனை. பாதியை எழுதிக்கொடுத்துவிட வேண்டும் என்று நான் சொன்னேன். பாதியில் கனடா வராது, சிங்கப்பூர்தான் வரும். அன்றிலிருந்து தங்கை என்னோடு பேசவில்லை. பையன் மட்டும் தினம் போன் செய்து கோத்தகிரிக்கு எந்தப் பஸ் என்று கேட்கிறான்.